டேஞ்சர் பக்கமும் சான்ஸ் பக்கமும்

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் ‘சான்ஸே இல்ல’ என்கிறார்களே, அதைக் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கிறது? போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கடையில் என் பேத்தி பிரியாணியை ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “சான்ஸே இல்ல பாட்டி!” என்றாள். அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். நான் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன். பசியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

கண்ணில் புரை எடுக்கப் போனபோதும் இப்படித்தான். நர்சுப் பெண் ஒரு காகிதத்தை நீட்டி, “ரிஸ்க் ஃபாரம்மா, சும்மா ஒரு கையெழுத்து போடுங்க” என்றாள். சும்மாவாம்! நான் அந்தக் காகிதத்தை முழுவதும் படித்தேன். என் மகன் ஆச்சரியப்பட்டான். “உனக்கு இங்கிலீஷ் படிக்க வருமாம்மா?” என்று கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இங்கிலீஷ் படித்து யாரும் பார்த்ததில்லை. “கொஞ்சம் வரும்” என்றேன். எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

எங்கள் ஊர் கெடாருக்குப் பக்கம். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அவள் தினமும் பஸ்ஸில் விழுப்புரம் போய்ப் படித்தாள். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் எட்டிய முதல் பெண் அவள்தான். அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, திண்டிவனத்தில் கரண்ட் ஆபீசில் லைன்மேன். ‘ரிஸ்க்’ என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவர்தான். மழையில் கம்பம் ஏறினால் ரிஸ்க், ஏணி இல்லாமல் ஏறினால் ரிஸ்க். அதை அவர் பெருமையாகத்தான் சொல்வார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது, எல்லாமே டேஞ்சர்தான். வெறிநாய் டேஞ்சர், குடித்துவிட்டு வருகிறவன் டேஞ்சர், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு டேஞ்சர். சான்ஸ் என்பது சினிமாவில் நடிக்கப் போகிறவர்களுக்கு உரியது, நமக்கு அது கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு தடவை மாமா வரும்போது ஒரு தகரப் பலகை கொண்டுவந்தார். மின்சாரக் கம்பத்தில் மாட்டுவார்களே, மண்டையோடும் இரண்டு எலும்பும் போட்டது, அது. ஓரம் துருப்பிடித்ததால் கழற்றிப் போட்டிருந்தார்கள். எங்கள் கோழிக்கூட்டுக்குக் கதவு இல்லை, கீரிப்பிள்ளை வந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அப்பா அந்தத் தகரத்தில் ஒரு கீல் அடித்துக் கூட்டுக்குக் கதவாக மாட்டிவிட்டார். சிவப்புத் தகரத்தில் வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்து. முதல் எழுத்து என் உள்ளங்கை அகலம் இருக்கும்.

“இது டி. டேஞ்சர்னு போட்டிருக்குது. இந்த எழுத்தப் பாத்தா கைய வைக்கக் கூடாது, தெரிதா பாப்பா?” என்றார் மாமா.

“கைய வைக்காம கோழிய எப்டி மாமா தெறந்து வுடுறது?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் கீரி இரண்டு குஞ்சைத் தூக்கியது. “கீரிக்கு இங்கிலீசு தெரியாதுல்ல” என்றாள் அக்கா. அவளுக்கு வாய் அதிகம்.

தினமும் காலையில் கோழியைத் திறந்துவிடுவது என் வேலை. தினமும் அந்த எழுத்தில்தான் விரலை வைத்துத் தள்ளுவேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஏ, பி, சி, டி ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் எனக்கு முதலில் பழகிய இங்கிலீஷ் எழுத்து ஏ இல்லை.

அக்காவுக்கு ஒரு இங்கிலீஷ் நோட்டு இருந்தது. பழுப்பு அட்டை, நடுவில் நூல் தையல், முனையெல்லாம் மடங்கி இருக்கும். ஒன்றுக்கொன்று அர்த்தம் நெருங்கிய சொற்களை எடுத்து, எது எங்கே வரும் என்று தெரிந்து சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். பரீட்சையில் அது கட்டாயம் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தாராம். அக்கா ஒரு சொல்லுக்கு ஒரு தாள் ஒதுக்கினாள். தலைப்பைச் சிவப்பு மசியில் பெரிதாக எழுதி, கீழே நீல மசியில் வாக்கியங்கள். டேஞ்சர் ஒரு தாள், ரிஸ்க் ஒரு தாள், சான்ஸ் ஒரு தாள்.

அவள் ஒப்பிக்கும்போது நோட்டைப் பிடித்துக்கொள்வது நான். எனக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். முதல் எழுத்தைப் பார்ப்பேன், அவள் எத்தனை வாக்கியம் சொன்னாள் என்று எண்ணுவேன், ஒன்று குறைந்தால் தலையாட்டுவேன். மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்துதான் இதெல்லாம். பக்கத்தில் கிரீஸ் வாசனையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து வரும்.

அவள் எனக்குத் தமிழில் சொல்லித் தந்தது இப்போதும் அப்படியே இருக்கிறது. “டேஞ்சர்ன்றது அதும்பாட்டுக்கு அங்கியே கீது. நீ பாத்தாலும் இருக்கும், பாக்காட்டியும் இருக்கும். நம்ம கெணறு மாதிரி. ரிஸ்க்குன்றது நாமளா எடுக்கணும், எடுத்தாதான் அது உண்டு. சான்ஸு அப்படி இல்ல, யாராச்சும் குடுக்கணும்.”

“குடுக்கலன்னா?”

“குடுக்கலன்னா இல்ல. அவ்ளோதான்.”

பரீட்சையில் எழுதினால் டீச்சர் இதற்கு முழு மார்க் கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் கொடுப்பேன்.

மார்கழியில் மல்லாட்டை விதைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. அதற்கு முன்பும் பஸ்ஸுக்கு ஓடும்போது நின்று நின்று போவாள், சோம்பேறி என்று அம்மா திட்டுவாள். சின்ன வயதில் அவளுக்கு அடிக்கடி மூட்டு வீங்கிக் காய்ச்சல் வரும். வேப்பிலை அரைத்துப் பத்துப் போட்டுச் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அது சரியாகவில்லை, நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது என்று விழுப்புரத்து டாக்டர் சொன்னார்.

அந்த டாக்டரின் அறைக்குள் நானும் இருந்தேன். அக்காவின் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் நல்ல மனிதர். அப்பாவைப் பார்த்து, “உங்க கெணத்துல மோட்டார் இருக்கா? ஃபுட்வால்வு தெரியும்ல?” என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியாத ஃபுட்வால்வா! கிணற்றடியில் குழாயின் கால்மாட்டில் இருந்து, ஏறின தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிப்பது அதுதான். “அது மாதிரி நெஞ்சுல ஒண்ணு இருக்கு. அது இறுகிப் போச்சு. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில நெஞ்சைத் திறந்து சரி பண்ணுறாங்க. செலவு இல்ல, நான் லெட்டர் தர்றேன்” என்றார்.

“பொழைச்சுக்குமாங்க?” என்று அப்பா கேட்டார்.

“ரிஸ்க் இருக்குங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்ல சான்ஸும் இருக்கு. நெறைய பேர் நல்லாயிடுறாங்க. இப்படியே விட்டா சான்ஸே இல்ல.”

இதுதான் எனக்குத் தெரிந்த ‘சான்ஸே இல்ல’.

ஒரு படித்த மனிதர் எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஃபுட்வால்வைச் சொன்னார். அதுவே வினையாகிவிட்டது. அதற்கு முந்தின வருஷம் எங்கள் கிணற்று ஃபுட்வால்வைப் பிரித்துப் புதுத் தோல் போட்டு மாட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த மோட்டார் ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். பஸ்ஸில் வரும்போதே அப்பா அதை அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கோ ‘நெஞ்சைத் திறந்து’ என்பதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. அம்மா கோழி அறுத்துச் சுத்தம் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தகவல் தெரிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து மாமா வந்தார். வந்ததும் வராததுமாகப் பேச்சு தொடங்கிவிட்டது.

“மாப்ள, நாளைக்கே கெளம்புங்க. திண்டிவனத்துல நான் ஏறிக்கிறேன், ஒண்ணா போயிறலாம். துணிஞ்சவனுக்குத் துக்கமில்ல.”

“நீ தெனம் கம்பத்துல ஏறிக்கினு இருக்குற ஆளு மச்சான். உனக்கு அப்படித்தான் இருக்கும். நாங்க ஆழம் தெரியாம கால வுட முடியுமா? ஃபுட்வால்வப் பிரிச்ச மோட்டாரு என்னிக்கு ஒழுங்கா ஓடிச்சு, நீயே சொல்லு.”

“மோட்டாரும் புள்ளையும் ஒண்ணா? ரிஸ்க்கு எடுக்காம வூட்டுல வச்சிக்கினு இருக்குறதுதான் மாப்ள டேஞ்சரு.”

“மூச்சு வாங்குது, அவ்ளோதான? சாப்புடுது, நடக்குது, பேசுது. மெட்ராசுல கொண்டுபோயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா? யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அப்போது அக்கா அறைக்குள்ளிருந்து வந்து, கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

“எனக்கு ஒரு சான்ஸு குடுங்கப்பா. நான் போறேன்.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “பெரியவங்க பேசிக்கினு இருக்கும்போது உனக்கு இன்னா? போயி உக்காரு, நிக்காத” என்றார். அன்பாகத்தான் சொன்னார். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

அவர் பெண்ணை வெறுத்தவர் இல்லை. மழையை நம்பியும் மோட்டாரை நம்பியும் ஒவ்வொரு வருஷமும் விதையை மண்ணில் போடுகிறவர், வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார். அதற்கு ரிஸ்க் என்று ஒரு பெயர் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மண்ணில் துணிந்த மனிதர் மகளிடம் துணியவில்லை. கையில் இருக்கிற களாக்காயே போதும் என்று அதை இறுக்கி மூடிக்கொண்டார்.

கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கப்படி, அம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு, கிணறு வெட்ட, எதற்கு வேண்டுமானாலும் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அம்மன் முன்னால் வைத்து, வயதுக்கு வராத பெண் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததைப் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிக்காமல் ஏரியில் போட்டுவிடுவார்கள். வெள்ளை வந்தால் மெட்ராஸ், சிவப்பு வந்தால் வீட்டோடு என்று அப்பா சொல்லிவிட்டார். எடுக்க வேண்டிய குழந்தை நான். “நான் சொன்னா கேக்க மாட்டீங்க, பூ சொன்னாத்தான் கேப்பீங்க” என்று சொல்லிவிட்டு மாமா கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

வியாழக்கிழமை இரவு படுத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: “வெள்ளதான் வரும். எனக்குத் தெரியும். டவுன் பையில ரெண்டு பாவாடை எடுத்து வச்சிட்டேன். நோட்டையும் எடுத்துக்கினு போவணும். நான் வர்ற வரைக்கும் நீ அம்மாகிட்ட படுத்துக்கோ.” நான் அவள் மேல் காலைப் போட்டுக்கொண்டேன். அவள் நெஞ்சு அடிப்பது என் முழங்காலுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை. எனக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியாயிற்று. பொட்டலம் கட்டக் காகிதம் வேண்டும். ஒரே அளவாக, ஒரே மாதிரி, ஒரே நோட்டில் கிழித்ததாக இருக்க வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். சாமி காரியத்தில் ஓரவஞ்சனை வரக் கூடாதாம். அக்கா பின்புறம் குளிக்கப் போயிருந்தாள். அம்மா அவள் நோட்டை எடுத்தாள். தினமும் பிரித்துப் பிரித்து நோட்டு அந்த மூன்று தாள் இருக்கும் இடத்திலேயே தானாகத் திறந்துகொள்ளும். அங்கே முதல் தாளையும் மூன்றாம் தாளையும் கிழித்தாள். இங்கிலீஷ் தெரியாதவளுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான். சிவப்பில் ஒரு கிறுக்கல், நீலத்தில் பல கிறுக்கல்.

“மறைச்சு வச்சிக் கட்டு. சின்னதுக்குத் தெரியக் கூடாது” என்றார் அப்பா.

“அதுக்கு இன்னாங்க தெரியும்? அது கோழியத் தெறந்து வுட்டுக்கினு இருக்குது.”

திறந்துவிட்டுக்கொண்டுதான் இருந்தேன். கூட்டுக்கு முன்னால் குந்தியபடியே வாசல் வழியாகப் பார்த்தேன். அம்மா ஒரு தாளில் நந்தியாவட்டையை வைத்து மடித்தாள். இன்னொரு தாளில் செவ்வரளியை வைத்து மடித்தாள். அரளி வைத்த பொட்டலத்தின் மேல்பக்கம் தலைப்பு வெளியே தெரிந்தது. சிவப்பு மசியில் ஒரு பெரிய டி. என் விரலும் அப்போது தகரத்தில் இருந்த டி மேல்தான் இருந்தது.

கோயில் ஏரிக்கரையில். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தட்டில் குலுக்கி, துண்டால் மூடி, அம்மன் பாதத்தில் வைத்தார். அக்கா வெளியே வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். நடந்து வந்ததில் அவள் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“கண்ண மூடிக்கினு எடும்மா. மனசுல ஒண்ணும் நெனைக்காத” என்றார் பூசாரி.

முழுவதும் மூடவில்லை. துண்டு விலகியதும் தட்டில் இரண்டு பொட்டலமும் தெரிந்தன. ஒன்றில் சி, ஒன்றில் டி. இந்த எழுத்தைப் பார்த்தால் கையை வைக்கக் கூடாது என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியே நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்குள் சிவப்புப் பூ இருக்கிறது, சிவப்புப் பூ என்றால் அக்கா வீட்டில் இருப்பாள், யாரும் அவள் நெஞ்சைத் திறக்க மாட்டார்கள், ராத்திரி என் பக்கத்தில் படுப்பாள். நான் டேஞ்சரை எடுத்துக் கொடுத்தேன்.

பிரித்தார்கள். செவ்வரளி. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வந்தது. பயம் போன நீர் அது. அம்மா என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். பிரிக்காத பொட்டலத்தைப் பூசாரி ஏரியில் எறிந்தார். அது கொஞ்ச நேரம் மிதந்தது. நான் வெளியே வந்தபோது அக்கா கல்லில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். “இன்னா பூவு?” என்று கேட்டாள். “செவப்பு” என்றேன். “ம்” என்றாள். வீட்டுக்குத் திரும்பும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள்.

மாமாவுக்கு ஆள் போனது. அவர் வரவில்லை.

தை போய் மாசி வந்தது. அக்காவை எழுந்திருக்க விடவில்லை. மாத்திரை, கஞ்சி, படுக்கை. காலிரண்டும் வீங்கின, அழுத்தினால் குழி விழும். பங்குனியில் பரீட்சை வந்தது. பஸ் வேண்டாம், கட்டை வண்டியில் போய் எழுதிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினாள். அம்மன் உத்தரவை மீறக் கூடாது என்று அப்பா விடவில்லை. முதல் நாள் தமிழ்ப் பரீட்சை எழுதாமலே போயிற்று. இங்கிலீஷ் பரீட்சை அன்றைக்குக் காலையில் தலைசீவி, பொட்டு வைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “நோட்டப் புடிடி, ஒப்பிக்கிறேன்” என்றாள்.

நான் நோட்டை எடுத்தேன். நோட்டு அந்த இடத்தில் தானாகத் திறந்துகொண்டது. நடுவில் ரிஸ்க் மட்டும் நின்றது. முன்னும் பின்னும் கிழித்த ஓரம்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு, “அந்தப் பொட்டலத்த அப்பா எங்க வச்சிருக்காரு?” என்று கேட்டாள். சாமி மாடத்தில், விபூதி மரவைக் கிண்ணத்துக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். அரளி காய்ந்து காகிதத்தில் ஒட்டிக் கறையாகியிருந்தது. அவள் மடிப்புக் கலையாமல் அதைத் திருப்பிப் பார்த்தாள். மேலே அந்த எழுத்து. பிறகு ஜன்னல் வழியாகக் கோழிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு என்னை.

“இது எந்தப் பக்கம்னு அன்னிக்கு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நெசமா?”

“சாமி சத்தியமா தெரியாதுக்கா.”

“சரி” என்றாள். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “வச்சிடு. அப்பா தேடுவாரு.”

திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம், அதற்கு அவள் கையில் பலம் இருந்தது. அன்று மத்தியானம் அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நடுநடுவே மூச்சுக்காக நிறுத்தினாள். நான் பக்கத்தில் போகவில்லை.

சித்திரையில் மல்லாட்டை பிடுங்கினார்கள். அந்த வருஷம் மோட்டார் நின்று நின்று ஓடியும், எப்படியோ நல்ல விளைச்சல். எல்லாரும் கொல்லையில், மல்லாட்டை நிலத்தில் இருந்தார்கள். நானும் அக்காவும் மட்டும் வீட்டில். பச்சை மல்லாட்டை வேகவைத்து ஒரு கிண்ணத்தில் அவள் பக்கத்தில் வைத்திருந்தேன். உரித்து வாயில் போட்டேன், ஒன்று மென்றாள், போதும் என்றாள். தண்ணீர் கேட்டாள். நான் பானையில் மொண்டுகொண்டு வருவதற்குள் முடிந்துபோயிருந்தது. கொல்லைக்கு ஓடினேன். ஓடும்போது காலில் முள் குத்தியது, அது கூட எனக்குத் தெரியவில்லை. மாமா மறுநாள் வந்து வாசலில் நின்று அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் ‘ரிஸ்க்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“அம்மன் சொன்னத செஞ்சோம். நம்ம கையில இன்னா கீது” என்பார் அப்பா, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார், அடுத்த வருஷம் விதைத்தார். அந்த ஒரு பிடியையும் நான் எப்படிப் பிடுங்குவேன்?

நான் இங்கிலீஷ் படித்தேன். வகுப்பில் முதலாவதாக வந்தேன். அக்காவைப் போலவே வருகிறாள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அப்பா அந்தப் பழுப்பு அட்டை நோட்டைத் துணியில் சுற்றியபடி கொண்டுவந்தார். அத்தனை வருஷமும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அம்மாவும் அடுப்பை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

“உனக்குத்தான் இப்ப இங்கிலீசு நல்லா வருதே. கடைசியா அது இன்னா எழுதி வச்சிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு பாப்பா. ரொம்ப நாளா மனசுல கீது.”

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கிழிந்துபோன இரண்டு தலைப்பையும், நடுவில் மிஞ்சிய ரிஸ்க்கையும் அவள் திரும்ப எழுதியிருந்தாள். ஆனால் வாக்கியங்கள் வேறு. கையெழுத்து கோணலாக இருந்தது, பிழையே இல்லை. தமிழில் சொன்னால் இப்படி:

டேஞ்சர். நான் டேஞ்சரில் இருந்தேன். எல்லாருக்கும் தெரியும்.

ரிஸ்க். நான் ரிஸ்க் எடுக்கத் தயாராக இருந்தேன்.

சான்ஸ். யாரும் எனக்கு சான்ஸ் கொடுக்கவில்லை.

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு: என் தங்கைக்கு டி என்ற எழுத்து தெரியும். அது கோழிக்கூட்டில் இருக்கிறது.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த எழுத்துகளைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னா எழுதி இருக்குது?”

“பரீட்சைக்குப் படிச்சதுப்பா” என்றேன். “வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லா எழுதி இருக்குதா?”

“நல்லா எழுதி இருக்குதுப்பா. ஒரு தப்பும் இல்ல.”